கழித்து வைத்த நட்சத்திரம்

என் மனைவி பல வருடங்களாக ஒரு கூட்டத்தை வேவு பார்த்து வந்தாள். போலீஸ் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வானியல் ஆராய்ச்சி மாணவி. கூட்டம் என்பது வானத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அது அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சீர்வரிசையில் கட்டில், பீரோ, கிரைண்டர், அப்புறம் சில நூறு நட்சத்திரங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அந்தக் கூட்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். கார்த்திகை மாதிரி ஊரறிந்த கூட்டமாகப் பார்த்து எடுத்திருந்தால் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிச் சொந்தக்காரர்களிடமாவது பெருமையடித்திருக்கலாம். இது வெறும் கண்ணுக்குத் தெரியாது. யாராவது "எங்க, காட்டு பாக்கலாம்" என்றால் அவள் லேப்டாப்பைத் திறந்து புள்ளிகளைக் காட்டுவாள். கேட்டவர் அடுத்த முறை வரும்போது அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்.

நாங்கள் இருப்பது கடம்பத்தூரில். அவள் காலையில் மின்சார ரயிலேறிச் சென்னைக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போவாள். நான் திருவள்ளூர் போய்க் கம்பெனி பஸ் பிடித்து, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போவேன். அங்கே ஒரு கம்பி உருட்டும் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். என் வேலையில் ஒரே ஒரு விதிதான்: சந்தேகம் வந்தால் கழித்துவிடு. கம்பியின் முனையில் சிவப்புப் பெயின்ட்டைத் தடவித் தனியே போட்டுவிடுவோம். இந்தக் குணம் வீடுவரை வந்துவிட்டதென்று அம்மாவுக்குக் குறை. "இட்லியக்கூட இன்னாடா திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு கீற? துன்னு நைனா" என்பாள்.

அம்மாவுக்குப் படிப்பில்லை, ஆனால் கேள்விக்குப் பஞ்சமில்லை. மருமகள் வந்த புதிதிலேயே கேட்டுவிட்டாள்: "மேல அத்தினி நட்சத்திரம் கீது. அதுல இதுங்க மட்டும் ஒரே கூட்டம்னு எப்டிமா சொல்ற?"

என் மனைவிக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. "அமாவாசைக்குத் திருவள்ளூர் ஸ்டேஷன்ல கோயிலுக்குப் போற ஜனம் எறங்குது இல்ல அத்தை? மேல பாலத்துலேந்து பாத்தா எல்லாம் ஒரே கும்பல்தான். ஆனா ஒரே ஊட்டுலேந்து வந்தவங்க மட்டும் ஒரே பக்கமா, ஒரே வேகத்துல போய்க்கினு இருப்பாங்க. பக்கத்துல ஒருத்தரு இடிச்சிக்கினே வந்தாலும், கொஞ்ச தூரம் போனா அவரு வேற பக்கம் திரும்பிடுவாரு. இதுங்களும் அப்டித்தான்."

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் முழுப் பாடமும் நடந்தது, அதுவும் சாப்பிடும் நேரம் பார்த்து. வானத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் ஒவ்வொரு நட்சத்திரமும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து வைத்திருக்கிறது. அந்த நகர்வுகளைப் புள்ளிகளாகப் போட்டால் ஊர் பேர் தெரியாத நட்சத்திரங்கள் தாளெங்கும் சிதறிக் கிடக்கும், கூட்டத்தைச் சேர்ந்தவை மட்டும் ஓரிடத்தில் குவிந்து நிற்கும். பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறுவதுபோல் தெரியும். பக்கத்தில் இருப்பது கொஞ்சம் அதிகமாக மாறும், தொலைவில் இருப்பது குறைவாக. அதை வைத்துத் தூரமும் கிடைத்துவிடும்.

அடுத்தது நிறம். இது எனக்கு உடனே புரிந்தது. உலையிலிருந்து வரும் இரும்பு வெளுத்திருந்தால் சூடு அதிகம், சிவந்திருந்தால் குறைவு. நட்சத்திரமும் அப்படித்தானாம். நடுவில் தூசி இருந்தால் நட்சத்திரம் உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரியும் என்பதால் அதற்கும் கணக்கு வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்றாள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகையில் சாயங்காலச் சூரியனைப் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்றேன். ஒரு பாடம் புரிந்துவிட்ட திமிரில் மற்ற எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். அவள் திடீரென்று நிறுத்தி, "இப்ப நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்டபோது ரசத்தைக் குடித்துத் தப்பித்தேன்.

கடைசியாக வயது. கூட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒரே மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. பெரிய நட்சத்திரம் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு முதலில் ஊதிச் சிவக்கும், சின்னது மெதுவாக எரியும். நிறத்தையும் பிரகாசத்தையும் படம் போட்டால் நட்சத்திரங்கள் ஒரு சாய்ந்த கோட்டில் நிற்கும். பெரியவை தீர்ந்துபோன இடத்தில் கோடு வளையும். எங்கே வளைகிறதோ அதுதான் வயது. இவளுடைய கூட்டத்தில் தொல்லை என்னவென்றால், அந்த மேல் பகுதியில் அனேகமாக ஆளே இல்லை. நீல நிறத்தில் பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள் மட்டும் நின்றன. அவை இன்னும் தீராமல் நிற்பதை நம்பி, கூட்டம் சின்ன வயசு என்று எழுதினாள்.

அதற்குமுன் அளவுகளைச் சுத்தம் செய்திருந்தாள். செயற்கைக்கோள் ஒவ்வொரு முறை எடுத்த அளவும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத நட்சத்திரங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுவது அவர்கள் வழக்கமாம். இதைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒருவழியாக எங்கள் இருவருக்கும் ஒரே தொழில் என்று ஆகிவிட்டது. "சிவப்பு பெயின்ட் டப்பா வேணும்னா கம்பெனிலேந்து கொண்டாரட்டா?" என்றேன்.

ஆய்வேடு முடியும் தறுவாயில், திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் இடம் காலியானது. நேர்முகம் நன்றாக நடந்தது. ஜூன் மாதம் சேரும்போது முனைவர் பட்டம் கையில் இருந்தால் இடம் அவளுக்கு. தினமும் சென்ட்ரல்வரை நின்றுகொண்டே போகும் ரயில் பயணம் முடியும், வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம். எனக்கும் பேச ஆள் கிடைக்கும். நான்தான் அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் மருமகள் காலேஜ் டீச்சர் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்க இருந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசிப் படத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தாள். ஒதுக்கி வைத்த நட்சத்திரங்களையும் சாம்பல் நிறப் புள்ளிகளாகக் காட்டினால் பார்க்க முழுமையாக இருக்கும் என்று போட்டிருக்கிறாள். நான் கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

"இது இங்க இருக்கக் கூடாதுங்க" என்றாள். வலது பக்கம், தன்னந்தனியாக ஒரு சாம்பல் புள்ளி. ஊதிச் சிவந்த ஒரு பெரிய நட்சத்திரம். தூரம் கூட்டத்தோடு ஒத்துப்போகிறது, நகர்வு கொஞ்சம் பிசகுகிறது.

"அதான் கழிச்சிட்டியே."

"ஏன் பிசகுதுன்னு பாக்கலியே. கூட இன்னொரு நட்சத்திரம் இருந்து, ரெண்டும் ஒன்ன ஒன்னு சுத்திக்கினு இருந்தா, இது நேரா போகாது, ஆடிக்கினே போகும். அளவு பொருந்தாது. நான் கெட்ட அளவுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

இந்த ஒற்றை ஆள் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்றால், இந்த எடையுள்ள நட்சத்திரமே ஊதிச் சிவக்கும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது என்று ஆகும்; வயது மாறிவிடும், ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அவள் நம்பிய அந்த நீல நட்சத்திரங்கள் சின்னப் பசங்களே அல்ல. பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து எரிபொருளை வாங்கிக்கொண்டு இளமையாகத் தெரியும் கிழங்கள். தலைக்குச் சாயம் பூசிய சித்தப்பாக்களை நம்பி ஒரு குடும்பத்துக்கே வயது எழுதியிருக்கிறாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. ஜவ்வாது மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா, என்ன வேகத்தில் என்று தெரியும். ஆனால் ஒருமுறை பார்த்தால் போதாது. அது துணையைச் சுற்றிவரும் சுற்று முழுவதையும் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அவளுடைய வழிகாட்டி நல்ல மனுஷி. "இப்ப இருக்கறபடி குடுத்துடும்மா. ஒரு சந்தேகம்னு அடிக்குறிப்பு போட்டுடு. பின்னாடி கட்டுரைல சரி பண்ணிக்கலாம்" என்று சொன்னார். எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ரயிலிலிருந்து இறங்கிய என் மனைவியோ முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். ஆய்வேட்டை இப்போது கொடுக்கப்போவதில்லை.

அன்றைக்குத்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. "அந்தக் கூட்டத்துலேந்து யாராவது வந்து என் வயச தப்பா எழுதிட்டன்னு கேஸ் போடப் போறாங்களா?" என்று கத்தினேன்.

"உங்க கம்பில வெடிப்பு இருந்தா அனுப்புவீங்களா?"

"கம்பி மேல கட்டடம் நிக்குது. உன் நட்சத்திரத்து மேல இன்னா நிக்குது?"

"நான் நிக்கிறேன்" என்றாள்.

அம்மா நடுவில் வந்து, "பேஜாரு பண்ணாம ரெண்டு பேரும் துன்னுட்டு சண்ட போடுங்க" என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள். ஜூனில் கல்லூரி இடம் வேறொருவருக்குப் போனது. நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். என் மௌனத்தில் ஒரு குறை, அதை அவள் கவனிக்கவே சில நாள் ஆனது. கவனித்த பிறகு அவளும் பேசவில்லை. அது எனக்கு வலித்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அம்மா வழியாக உப்பு கேட்டு வாங்கும் நிலைமை எங்களுக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

மலையில் அவளுக்கு முறை கிடைக்கும்போதெல்லாம் அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுப்பாள். நான் வண்டியில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன். "வரேங்க" என்பாள். "ம்" என்பேன். பாதி முறை மேகம் மூடி வெறும் கையோடு திரும்புவாள். வெறும் கையோடு வரும் நாளில் நான் சந்தோஷப்பட வேண்டும், ஏனென்றால் நான் சொன்னதுதான் சரி என்று ஆகும். ஆனால் மேகம் தெரிந்தால் எனக்கு ஆலையில் வேலை ஓடவில்லை. இடைவேளையில் வெளியே வந்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். கும்மிடிப்பூண்டி மேகத்தைப் பார்த்து ஜவ்வாது மலைக்கு வானிலை சொல்லும் என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வருடம் மழைக்கு முன்னால் கடைசி அளவும் கிடைத்தது. கணக்குப் போட்டு முடித்த மாலை, அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "அது வருது, போவுது, வருது, போவுது. சராசரி எடுத்தா கூட்டத்தோட வேகம் அப்படியே இருக்குங்க. அது நம்ம கூட்டந்தான்." அந்தக் கண்ணில் இருந்ததைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அதில் சர்க்கரை போட மறந்துவிட்டதாக அம்மாவிடம் புகார் போயிற்று. அப்படியாக எங்கள் பேச்சு வழக்கம்போல ஆரம்பித்தது.

ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்த பிறகு வாய்மொழித் தேர்வு வந்தது. அது பொது நிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் வரலாம். வருபவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான், கேள்வி கேட்பதில்லை. வெளியே சமோசாவும் டீயும் காத்திருக்கும். நானும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இந்த ஒரு நட்சத்திரத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார். அது இல்லன்னா இந்த வயசு தப்பு" என்றாள். அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

துறைத் தலைவர் வழக்கப்படி, "பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கத் தயாரானார். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியாது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா நைனா, மானத்த வாங்காத."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. மேடையில் நின்ற என் மனைவி, "சொல்லுங்க சார்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இந்தக் கூட்டம் எப்பவும் இப்படியே இருக்குமா?"

"இருக்காது சார். ஒன்னோட ஒன்னு பிடிப்பு கம்மி. கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சி, ஆளுக்கு ஒரு பக்கமா போயிடும்."

"அப்ப அந்தச் சிவப்பு நட்சத்திரம் தனியாயிடுமா?"

அவள் திரையிலிருந்து திரும்பினாள். கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"ஆகாது சார். அதுக்குத் துணை இருக்கு. கூட்டம் கலைஞ்சாலும் அதுங்க ரெண்டும் சேந்துதான் போகும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில், கழுத்தில் விருந்தினர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். "வேற கேள்வி இருக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.