வியாகுலத்தின் புருஷன் மறுபடி பிறந்த சேதி

சேதி வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். வியாகுலம் கருமத்தம்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் தன் புருஷன் சந்தியாகுவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். 1961ஆம் வருஷம், மறுநாள் கல்லறைத் திருநாள். ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். மண்வெட்டியால் புல் செதுக்கும் சத்தம், வாளிச் சத்தம், சண்டை, சிரிப்பு, பிள்ளைகளின் கூச்சல். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கல்லறைத் தோட்டம் சந்தைக்கடை போல இருக்கும். வியாகுலம் தலைமாட்டுச் சிலுவைக்கு அடித்து, இரண்டு பக்கச் சுவருக்கும் அடித்து, அப்போதுதான் கால்மாட்டுப் பக்கம் போய்க் குந்தியிருந்தாள்.

தேங்காய் வியாபாரி ஜபருல்லா லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கல்லறைகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி! உங்க ஊட்டுக்காரரு பொறந்துட்டாருங்க!"

"ஆரு பாய்?"

"சந்தியாகு அண்ணந்தானுங்க! கிணத்துக்கடவுல, அதே வேங்கடசாமி நாயுடு தோட்டத்துல. அவிய பேரன், அஞ்சு வயசுப் பையன். 'நாந்தான் சந்தியாகு, வெடி வெச்சுப்போட்டு எறங்குனேன், கல்லு உளுந்துருச்சு, என்ற பொண்டாட்டி வியாகுலம் கருமத்தம்பட்டியில தார் சுத்தறா'ங்கறான். என்ற காதால கேட்டேனுங்க. உங்க கோயில் மந்திரம்கூட ஏதோ சொல்றான்!"

வியாகுலத்தின் கையிலிருந்த அடிக்கும் மட்டை சுண்ணாம்புச் சட்டிக்குள் விழுந்தது. அக்கம்பக்கத்தில் புல் செதுக்கும் சத்தம் நின்றது.

அடுத்த வரிசையில் தன் மாமனார் கல்லறையைக் கூட்டிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் விளக்குமாறும் கையுமாக வந்தாள். சந்தியாகுவுக்கு உடன்பிறந்த அக்கா அவள்.

"நாயுடு ஊட்லயா? அங்க எருமை நாலு நிக்குமே. என்ற தம்பிக்குப் பாலுன்னா ஒத்துக்காது."

"இந்தப் பையன் சொம்பு சொம்பாக் குடிக்கறானுங்க அக்கா."

"அப்ப அவன் இல்லெ."

"ஒடம்பு வேறதானுங்களே. வயிறும் வேறயாத்தான இருக்கும்?"

"உங்க மார்க்கத்துல இதெல்லாம் உண்டா பாய்?"

"எங்கள்லயும் கெடையாது, உங்கள்லயும் கெடையாதுங்க. அதனாலதான் ஓடியாந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் இல்லாதது ஒண்ணு அங்க நடக்குதுங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வியாகுலம் சிரிக்கவில்லை. காரணம் அங்கே யாருக்கும் தெரியாது.

வியாகுல மாதா திருநாளன்று பிறந்ததால் அந்தப் பேர். பேரில்தான் வியாகுலம், ஆள் வாயாடி, சுறுசுறுப்பு. நெசவுத் தறிகளுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. சந்தியாகு கிணற்று வெடிக்காரர். கோடையில் தண்ணீர் கீழே போனால் தோட்டக்காரர்கள் அவரைத்தான் தேடுவார்கள். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஏறிவருவார். 1955 சித்திரையில் கிணத்துக்கடவில், வெடித்து முடிந்த கிணற்றுக்குள் அவர் இறங்கியபோது, தளர்ந்து நின்ற பாறை ஒன்று சரிந்தது. நாயுடு தானே உடலை வண்டியில் கொண்டுவந்தார். வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "பட்டுனு போயிருச்சு அம்மணி. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நோவே இல்லெ."

ஊர் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டது. வியாகுலத்தை ஆறு வருஷம் தூங்கவிடாமல் செய்தது அந்த வார்த்தைதான்.

சந்தியாகு இரண்டு பாஸ்கு காலமாக, அதாவது இரண்டு வருஷமாக, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கிணற்று வேலைக்குப் போனதற்காகச் சாமியார் கடிந்துகொண்டார் என்று கோபித்துக்கொண்டு கோயில் பக்கமே போகாமல் இருந்தார். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தவர் பட்டென்று போய்விட்டார். சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லை. 'ஆண்டவரே' என்று நினைக்கக்கூட நேரமில்லை. அப்படிப் போன ஆத்துமம் எங்கே போயிருக்கும்? ஊரில் யாருக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் வியாகுலத்தைத்தான் கூப்பிடுவார்கள். காதோரம் குனிந்து செபம் சொல்லி அனுப்பிவைப்பாள். எத்தனையோ பேரை அனுப்பியவளால் தன் புருஷனின் காதில் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வருஷா வருஷம் ஆத்துமப் பூசை வைத்தாள். பூசை முடிந்ததும் அதே கேள்வி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது ஜபருல்லா வந்து சொல்கிறார்: நரகத்தில் இல்லை, பாவம் கழியக் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலும் இல்லை, கிணத்துக்கடவில் பால் குடித்துக்கொண்டிருக்கிறார்!

எழுந்து நின்றாள். உடம்பு பஞ்சாகிவிட்டது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. அப்படியானால் இந்தக் கல்லறையிலிருந்து யார் எழுந்திருப்பது? கடைசி நாளில் செத்தவர்கள் எல்லாரும் அவரவர் உடம்போடு எழுந்திருப்பார்கள் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தது அவளுக்குக் கண்ணால் பார்த்தது போல. சந்தியாகு சட்டையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஏம்புள்ள, இன்னும் இங்கயேவா நிக்கறே?" என்று கேட்பார். அதற்காகத்தானே இவ்வளவு வெள்ளை! அந்த ஆத்துமம் நாயுடு வீட்டுப் பையனுக்குப் போய்விட்டால், அவன் வளர்ந்து, கல்யாணம் செய்து, கிழவனாகிச் செத்தால், அன்றைக்கு எந்த முகத்தோடு வருவார்? எந்தப் பொண்டாட்டிக்குப் பக்கத்தில் நிற்பார்?

தோட்டத்து வாசலில் மறுநாள் கல்லறை மந்திரிப்புக்குப் பந்தல் போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த பங்குச்சாமியாரிடம் ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"சாமி, நாளைக்கு அவருக்குப் பூசை வெக்கறதா, வேண்டாமா?"

சாமியார் இளவயசுக்காரர். திட்டப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"பூசை உண்டு" என்றார். "மனுஷனுக்கு ஒரு பிறப்பு, ஒரு சாவு. இது உனக்கே தெரியும். அந்தக் குழந்தையைக் கடவுள் புதுசாப் படைச்சிருக்கார். பழைய துணியை வெட்டித் தைச்ச சட்டை இல்லை அவன். நான் தடுத்தாலும் நீ போகாம இருக்கமாட்டே, போயிட்டு வா. ஒண்ணு மட்டும் நினைப்பு வச்சுக்கோ, அந்தக் குழந்தைக்கு ஒரு அம்மா இருக்கா."

லாரி கிணத்துக்கடவுக்குத் தேங்காய் ஏற்றக் காலியாகப் போகவிருந்தது. வியாகுலம் முன்னால் ஏறினாள். கூப்பிடாமலே அந்தோணியம்மாளும் ஏறிக்கொண்டாள்.

"நான் ரெண்டு கேள்வி கேக்கோணும் அவன."

கோயமுத்தூரைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் லாரி குதித்துக் குதித்துப் போனது. வியாகுலத்துக்கு அதுவும் போதவில்லை. "பாய், சித்தெ அமுத்தி உடுங்க!"

"இதுக்கு மேல அமுத்துனா நாமளும் மறுபொறப்புதானுங்க."

அந்தோணியம்மாள் கேட்டாள்: "ஏன் அம்மணி, அவனாவே இருந்துட்டா என்ன பண்ணுவே? இடுப்புல தூக்கி வெச்சுக்குவயா, கால்ல உளுந்து கும்புடுவயா?"

"ரெண்டும் பண்ணுவேன் நங்கையா!" என்றாள் வியாகுலம் நாத்தனாரிடம்.

தோட்டத்து வாசலில் திருவிழாக் கூட்டம். நாயுடு வாசல்வரை வந்து வரவேற்றார். அவர் முகமெல்லாம் பூரிப்பு. "நம்ம தோட்டத்துலயே போன உசுரு நம்மளையே தேடி வந்துருக்குது பாருங்க!" என்றார். அவருடைய மருமகள் ராமாமணி மட்டும் நிலைப்படியைத் தாண்டவில்லை. பையன் சீனிவாசலுவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவன ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். "பழசு நெனப்பு வந்த கொழந்தெ தங்காதுங்கறாங்க." கண் கலங்கியிருந்தது.

சாமியார் சொன்னது நினைவுக்கு வந்து வியாகுலம் தயங்கினாள். அந்தோணியம்மாள் தயங்கவில்லை. முன்னால் போய் நின்று, "ஏண்டா, நான் ஆரு? என்னய நீ என்ன பட்டப்பேரு சொல்லிக் கூப்புடுவே?" என்றாள்.

பையன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "கெழவி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இவன் அவன் இல்லவே இல்லெ" என்று அந்தோணியம்மாள் திரும்பிவிட்டாள்.

வியாகுலம் மண்ணில் முழங்காலிட்டாள். ஐந்து வயசுக் குழந்தையிடம் அவளுக்கு 'நீ' என்று வாய் வரவில்லை.

"கல்லு உளுந்ததுக்கு அப்பறம் என்ன சொன்னீங்க?"

பையன் கண்ணை மூடிக்கொண்டான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "சேசு..." என்றான். ஒரு இழுப்பு. "மரி..." மறுபடியும் தொண்டைக்குள் ஒரு இழுப்பு. "சூசை."

"பாத்தீங்களா!" என்று நாயுடு கத்தினார். "எங்கூட்ல இது ஆருக்குத் தெரியும்?"

வியாகுலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இயேசு, மாதா, சூசையப்பர்: சாகக் கிடப்பவர்களுக்கு அவள் காதில் சொல்லும் மூன்று பேர் அவை. அதைவிட அந்த இழுப்பு! பேருக்கும் பேருக்கும் நடுவே மூச்சு அறுந்து மறுபடி பற்றிக்கொள்ளும் அந்த இழுப்பை எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் கேட்டிருக்கிறாள்! கோயிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாகிறவன் வாயிலிருந்து நேராக வந்தது அது. ஒரு கணம் கையை நீட்டிவிட்டாள். அவர்தான்! அவரேதான்!

பையன் கண்ணைத் திறந்தான். எதிரே முழங்காலில் நின்ற பொண்டாட்டியைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் பார்த்து, 'சரியாச் சொன்னேனா?' என்பது போலச் சிரித்தான்.

வியாகுலமும் திரும்பிப் பார்த்தாள். அங்கே சோளத் தட்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, பண்ணையாள் பொங்கியண்ணன் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

எழுந்து நேராக அவனிடம் போனாள்.

"நீங்க அப்ப இருந்தீங்களா?"

"நாந்தானுங்க மேல தூக்குனேன். என்ற மடியிலதான் தலைய வெச்சிருந்தாரு."

"பட்டுனு போயிட்டாருன்னாங்களே?"

பொங்கியண்ணன் நாயுடுவைப் பார்த்தான். "எசமானரு அப்படிச் சொல்லச் சொன்னாங்க. கஷ்டப்பட்டாருன்னு கேட்டா நீங்க தாங்கமாட்டீங்கன்னு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லுலீங்க. இந்தப் பையங்கிட்ட மட்டும், தோள்ல போட்டுத் தூங்க வெக்கறப்பச் சொல்லிப்போட்டேன். மருக்கா மருக்கா அந்தக் கதையத்தான் கேப்பான். அப்பறம் நாந்தான் சந்தியாகுன்னு வெளையாட ஆரம்பிச்சான். வெளையாட்ட இவிய இப்படி எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்தாரு?"

"ஒரு மணி நேரம் இருக்குமுங்க."

"நெனப்பு இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க. தண்ணி கேட்டாரு. உங்க பேரச் சொன்னாரு. அப்பறம் இந்த மூணு பேரையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. உங்க பங்காளிகன்னு நெனச்சேனுங்க. 'கவலப்படாதீங்க, மூணு பேருக்கும் ஆள் அனுப்பறேன்'ன்னு சொன்னேன். தலைய ஆட்டுனாரு." அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நான் அனுப்பலீங்க. அவிய எந்த ஊருன்னே எனக்குத் தெரியலெ."

வியாகுலம் சிரித்தாள். வாய்விட்டு, உடம்பு குலுங்க, கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று கூட்டம் பின்வாங்கியது.

"அவிய வந்துட்டாங்க!" என்றாள். "நீங்க ஆள் அனுப்பறதுக்கு முன்னாலயே வந்துருப்பாங்க! நங்கையா, கேட்டீங்களா? ஒரு மணி நேரம்! நெனப்போட ஒரு மணி நேரம்!"

அந்தோணியம்மாள் விளக்குமாற்றை லாரியில் விட்டு வந்ததே தெரியாமல் வெறுங்கையை ஆட்டிக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அழுதாள்.

நாயுடுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நோவில்லாமப் போறதுதான நல்ல சாவு அம்மணி? நான் நல்லதுக்குத்தான..."

"தெரியுங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எங்களுக்கு அதுதானுங்க கெட்ட சாவு. மனசு திரும்பறதுக்கு ஒரு கணம் கெடைக்காமப் போறது. அவருக்கு ஒரு மணி நேரம் கெடைச்சிருக்குது. அவரு நல்லாப் போயிட்டாருங்க. போன எடத்துலதான் இருக்காரு."

"அப்படீன்னா இந்தப் பையன்?"

வியாகுலம் நிலைப்படிக்குப் போய்ப் பையனின் கன்னத்தைத் தொட்டாள். "கண்ணு, நீ ஆரு?" இப்போது 'நீ' தானாக வந்தது.

பையன் யோசித்தான். அம்மா முகத்தைப் பார்த்தான். "சீனிவாசலு" என்றான்.

"தலையிலிருந்து கால் வரைக்கும் உங்க பையந்தான் அம்மணி" என்று ராமாமணியிடம் சொன்னாள் வியாகுலம். "சாமி இவனப் புதுசாச் செஞ்சு உங்களுக்குன்னே குடுத்திருக்குது. பயப்படாதீங்க." ராமாமணி பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் எல்லாருக்கும் காப்பி இருந்தது. நாயுடு மட்டும், "இருந்தாலும் அந்த மூச்சு..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டத்துக்கும் ஏமாற்றம்தான். கடைசிவரை நாயுடு அவர் நம்பிக்கையை விடவில்லை. வியாகுலம் அதற்காக அவரோடு வாதாடவும் இல்லை.

அதன்பின் வியாகுலம் ஏழு வருஷம் இருந்தாள். சாகிறவர்களின் காதில் செபம் சொல்லப் போகும்போது, முன்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகமாட்டாள். ஊரிலிருந்து ஒறம்பரை, சொந்தபந்தம், வந்திருக்கிறது என்று கேட்டவளைப் போல வேகவேகமாகப் போவாள். போன மாதம் அவளுக்கே இழுத்தபோது, மூன்றாவது பேர் வரைக்கும் உதடு அசைந்தது.

அன்றைக்கு லாரி கருமத்தம்பட்டி வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள். சட்டி இருந்த இடத்தில் இருந்தது, சுண்ணாம்பு இல்லை. இவள் வரமாட்டாள் என்று நினைத்து, பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வழித்துத் தங்கள் கல்லறைகளுக்கு அடித்துவிட்டிருந்தார்கள். மறுநாள் விடிந்தால் பூசை. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது வரிசை முழுக்க வெள்ளைவெளேர் என்று இருந்தது. சந்தியாகுவின் கல்லறையில் மட்டும் அந்த வருஷம் கால்மாட்டுப் பக்கம் சுண்ணாம்பு அடிக்கவில்லை.