வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே

தங்கையின் மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். கானா நாட்டவர், ஜெர்மனியில் அவருக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை. ஆறு வயதில் அவள் என்னிடம், "மாமா, அப்பான்ர ஆக்கள் எங்க இருக்கினம்?" என்று கேட்டாள். அந்த நாள் என் குறிப்பேட்டில் இருக்கிறது: செவ்வாய், மழை.

தேடத் தொடங்கினேன். நாங்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து ரயிலேறிப் போன முதல் கானாச் சங்கத்தில் பெரியவர்களின் பாட்டும் பீரும்தான். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதில் பிள்ளைகளே இல்லை. மூன்றாவது கெல்சென்கிர்ச்சனில். ஒரு பள்ளி மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் குடும்பங்கள் கூடுகின்றன. பொரித்த வாழைப்பழ வாசம். பிள்ளைகள் மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பொறுப்பாக இருந்த பெண்மணி எங்களிடம் முதலில் கேட்டது, பிள்ளை பிறந்த கிழமையை. அவர்களில் பலருக்கு ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பெயர் உண்டு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அப்பா இருந்திருந்தால் பிறந்த அன்றே அப்படி அழைத்திருப்பார். இப்படி ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை வருடம் எழுதிவைத்தேன் என்று நினைத்துக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தேன். "வெள்ளி" என்றேன். வெள்ளிக்குரிய பெயரைப் பிள்ளைகள் எல்லோரும் கூவினார்கள். வீடு வரும்வரை அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தங்கை கறிச்சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அண்ணை, இவள் சனி விடியப்புறம் மூண்டு மணிக்கெல்லோ பிறந்தவள்?"

"பஞ்சாங்கப்படி சூரியன் உதிக்கும்வரைக்கும் வெள்ளிதான்."

"அவையளும் உங்கட பஞ்சாங்கமோ பாக்கினம்? பிறப்புப் பத்திரத்தில சனியெண்டுதான் கிடக்கு."

பஞ்சாங்கத்தைச் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் பிறந்த அன்று வெள்ளி என்று எழுதியபோது எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. தகப்பனைக் காணாமல் பிறந்த பிள்ளை. அவளுக்குச் சனியும் வேண்டாமே என்று நினைத்தேன். அதை நான் எங்கும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு வாரமாக வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறோம்!"

மருமகள் சிரிக்கவில்லை. என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு வேற பேர் வேண்டாம். நான் இனி வரமாட்டன்."

பெண்மணி அவள் முன்னால் குந்தி, அப்பாவின் முழுப் பெயரைக் கேட்டார். நான் சொன்னேன். நடுப்பெயர் வந்ததும் கையை உயர்த்தினார். அது சனியில் பிறந்த ஆணின் பெயர். எத்தனை விண்ணப்பங்களில் அதை நிரப்பியிருப்போம்! அவர் இருந்தபோது ஒருநாளும் அதன் பொருளை அவரிடம் கேட்டதில்லை.

"அப்பாவும் சனியோ, மாமா?"

"ஓம்."

கோட்டை விட்டாள். மேளக்காரப் பிள்ளைகளிடம் தானே போய், பெண்மணி சொல்லிக்கொடுத்த தன் புதிய பெயரைச் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, தான் பிறந்த நாளும் அப்பாவின் பெயரும் எழுதியிருந்த பக்கத்தைத் தேடித் தரச் சொன்னாள். "வெள்ளியை வெட்டுங்கோ" என்றாள். வெட்டினேன். "இப்ப அப்பான்ர பேருக்குப் பக்கத்தில என்ர பேரை எழுதுங்கோ."