ரோஜா நகர், ரெட்டைச் சுவர் ஸ்டாப்பிங்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சாக்ஸ். சின்னப் பிள்ளை போடும் வெள்ளை சாக்ஸ், ஒன்றே ஒன்று. அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு மதில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மதில்கள் இருந்தன. இரண்டுக்கும் இடையில் ஓரடி சந்து. அந்தச் சந்தில் ஆள் உயரத்துக்கு வேலிக்காத்தான் வளர்ந்திருந்தது. அதன் முள்ளில் மாட்டிக்கொண்டு சாக்ஸ் கடல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மரக்காணம் என்றால் எல்லோரும் உப்பளத்தைப் படம் எடுக்கத்தான் போவார்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை போனது உப்பளத்தைத் தாண்டி இருக்கும் ரோஜா நகர் என்ற மனைப்பிரிவுக்கு. எனக்கு ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை அதுதான் ஊர். அப்பா அங்கே வாட்ச்மேன். இப்போது இடையஞ்சாவடியில் இருக்கிறோம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு.

ரோஜா நகரில் இருக்கும் நர்ஸ் ஆன்ட்டி வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகப்போகிறார் என்று சித்தி சொன்னார். அவர் போவதற்குள் நான் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வருடமாகச் சொல்லாத ஒன்று.

காலை 7.10க்கு ஷேர் ஆட்டோவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தேன், இருபது ரூபாய். 7.45க்கு மரக்காணம் பஸ், முப்பத்தாறு ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தால் நல்லது. ஊர் நெருங்கும்போது பாத்தி பாத்தியாகத் தண்ணீரும் வரப்பில் உப்புக் குவியல்களும் வரும். 8.40க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்கு வராது, ஏறிக்கொண்டேன்.

"ரோஜா நகர்ல எங்கம்மா? தண்ணித் தொட்டியா, ரெட்டச் சுவரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ரெட்டச் சுவர்னா என்னாண்ணா?"

"ரெண்டு வூட்டுக்காரங்களுக்கு சண்டை. ஆளுக்கு ஒரு சுவரு கட்டிக்கினாங்க. இப்ப அதான் ஸ்டாப்பிங். சிலிண்டர் போடறவன், கொரியர்காரன் எல்லாம் அதத்தான் சொல்றான். சண்டை போட்டாலும் ஊருக்கு ஒரு அடையாளம் குடுத்துட்டாங்க பாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே இறக்கிவிடச் சொன்னேன்.

நாங்கள் வந்த புதிதில் ரோஜா நகரில் ஒரு ஆர்ச்சும், மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களும், எங்கள் தகரக் கொட்டகையும் மட்டும்தான் இருந்தன. ஒரு ரோஜாவும் கிடையாது. அந்த மண்ணில் வளரவும் வளராது. இப்போது ஐந்து தெரு. பாண்டிச்சேரி கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், உப்பளத்து மேஸ்திரிகள், ரிட்டயர் ஆகி வந்தவர்கள் எல்லோரும் கலந்து இருக்கிறார்கள். பார்த்தால் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதில்லை, 'லாரி வந்துச்சா' என்றுதான் கேட்கிறார்கள். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், குடிக்க லாரித் தண்ணீர். உப்புக் காற்றில் எல்லா கேட்டும் துருப்பிடிக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடிக்கிறார்கள், அதனால் தெரு முழுக்க கேட் மட்டும் புதிதாகத் தெரிகிறது. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு பியூட்டி பார்லர். கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றேன். அம்மா துணி காயப்போட்ட இடத்தில் கண்ணாடிக் கதவு.

அந்தக் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைக்கு மனை எல்லையில் நட்டுவைத்திருப்பார்கள். வெளியூரில் இருந்து வாங்குகிறவர்கள் அப்பா காட்டுகிற கல்லைப் பார்த்துவிட்டு, கல்லுக்குக் கல் நூல் கட்டித்தான் அஸ்திவாரம் போடுவார்கள். எனக்கு அங்கே விளையாட யாரும் கிடையாது. நான்கு கல்லை நான்கு மூலையாக வைத்து, மணலில் கோடு கிழித்து, எனக்கு ஒரு வீடு வைத்திருந்தேன். ஹால், ரூம் எல்லாம் சரியாக வந்தது. சமையல் ரூம்தான் பத்தவில்லை. எட்டு வயதில், ஒரு மழைக்கு மறுநாள், மண் களியாக இருந்தபோது, ஒரு கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, இரண்டடி தள்ளி நட்டேன். சமையல் ரூம் பெரிதாகிவிட்டது.

அந்த மனையைத்தான் நர்ஸ் ஆன்ட்டி வாங்கி வீடு கட்டினார். அடுத்த வருடம் பக்கத்து மனைக்காரரான லைன்மேன் மாமா வந்து டேப் பிடித்தால் இரண்டடி குறைகிறது. நர்ஸ் ஆன்ட்டி வாட்ச்மேனுக்குக் காசு கொடுத்துக் கல்லை நகர்த்திவிட்டார் என்றார் அவர். தன்னிடம் தப்பான கல்லைக் காட்டி ஏமாற்றியதே வாட்ச்மேன்தான் என்றார் ஆன்ட்டி. சர்வேயர் வந்து அளந்த பிறகு ஆன்ட்டி தன் மதிலை இடித்தார். இடித்தவர், உன் மண் ஒரு பிடி எனக்கு வேண்டாம் என்று எல்லையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளிக் கட்டினார். அதை நம்பாமல் மாமா எல்லையில் தனக்கு ஒரு மதில் கட்டினார். அப்பாவுக்கு வேலை போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம்தான் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும். உன் கால் தடம் மண்ணுல இருந்துச்சு" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா."

"சொன்னா? ரெண்டு வூட்டுக்காரனும் உன்ன நடுத்தெருவுல நிக்கவெச்சி கேள்வி கேப்பான். நீ வூட்டுக்கு யாரு வந்தாலும் கதவுக்குப் பின்னால போயி நிக்கற பொண்ணு." துண்டை உதறினார். "நாளைக்கி போறியா? தொப்பி எடுத்துக்கினு போ. உப்பளத்து வெயிலு."

போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எனக்கு வராது. பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசும். உப்பள வரப்பில் செருப்போடு ஏறாதீர்கள், வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். ரோஜா நகரில் யாரிடமும் கேட்காதீர்கள், கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அது அவர்கள் விலைக்கு வாங்கும் தண்ணீர். மனை வாங்கப் போகிறவர்கள் கல்லை நம்ப வேண்டாம். நீங்களே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

நர்ஸ் ஆன்ட்டிக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. ஹாலில் அட்டைப்பெட்டிகள் கட்டி வைத்திருந்தார். அந்த நகரில் முதன்முதலில் எரிந்த வெளி லைட் அவருடையதுதான். என் காலில் ஆணி குத்தியபோது அதன் கீழே உட்கார வைத்துக் கட்டுப்போட்டவர். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சமையல் ரூம் வரைக்கும்.

ஆன்ட்டி ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"உங்கப்பாவ நான் என்னென்ன பேசுனேன் தெரியுமா? ஒரு வார்த்தை திருப்பிப் பேசலயே அந்த மனுஷன்" என்றார். பிறகு, "சமையல் ரூம் பத்தலன்னா செஞ்ச?"

"ஆமா ஆன்ட்டி."

"இப்பவும்தான் பத்தல. ரெண்டடி இல்ல, மூணடி தள்ளி நட்டிருக்கணும் நீ." சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். பிறகு ஜன்னல் வழியாக வேலிக்காத்தானைப் பார்த்தார். "அந்த சாக்ஸு அவங்க பேரனோடது. மூணு நாளா தொங்குது. நான் எடுத்துக் குடுத்தா, எங்க சந்துல கை வெச்சான்னு சொல்லுவாரு. அவங்க எடுத்தா நான் சொல்லுவேன்னு அவங்களுக்கு பயம். யார் சந்து அது? யாருதும் இல்ல."

"நான் அவங்ககிட்டயும் சொல்லணும் ஆன்ட்டி."

"சொல்லிட்டு இங்கதான் வரணும். சாப்பிடாம அனுப்ப மாட்டேன். அவருக்கு காது மந்தம், கொஞ்சம் சத்தமா பேசு." கேட் வரை வந்து நின்றுகொண்டார்.

சத்தமாகப் பேசுவதுதான் எனக்கு வராதது. சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தேன். கையில் இரண்டு இடத்தில் முள் கிழித்தது. சாக்ஸை எடுத்து உதறிக்கொண்டு, அடுத்த வீட்டு கேட்டைத் திறந்து, காலிங் பெல்லை அழுத்தினேன்.