குனிந்து கொடுத்த அளவு

துகிரா தைத்த பாடியைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டில் ஒருத்தியாவது நிம்மதியாக மூச்சு விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஜாவாத் தீவில் அவர்கள் ஊரான கிளாத்தேனின் கடைத்தெருவில் விதவிதமாகத் தொங்கத்தான் செய்தன. துகிராவுக்கு அவை ஆகாது. "கடைக்காரன் உன்னை அளந்தா தைச்சான்? எவளுக்கோ தைச்சதை நீ எதுக்குடி மாட்டிக்கிற?" என்பாள். இவள் அளக்கிற லட்சணம் இருக்கிறதே! சட்டைக்கு மேலேயே நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி ஒரே ஒரு எண்ணைப் பார்ப்பாள். மார்புக்குக் கீழே தனியாக அளக்க வேண்டாமா என்று யாராவது கேட்டுவிட்டால், "கீழே என்ன இருக்கு, வெறும் எலும்பு" என்று வாயை அடைத்துவிடுவாள். பட்டை தோளை அறுத்தாலும் கொக்கி முதுகில் குத்தினாலும் அது போட்டவளின் உடம்புக் கோளாறு. பெற்ற மகள்கள் இருவரும் அதை நம்பி, தங்கள் உடம்பையே திட்டிக்கொண்டு வளர்ந்து, கல்யாணமாகிப் போனார்கள்.

மருமகள் ருமியாத்தி நம்பவில்லை. வாயையும் திறக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் கைகளைக் கோத்து, தோளை ஒடுக்கி, பார்வையைத் தரையில் போட்டு நிற்க வேண்டும். அப்படியே நின்று அளவு கொடுத்தாள். "சரிங்கம்மா" என்று வாய் தேனாய்ச் சொல்லும். உள்ளே ஓடுகிற வசவைக் கேட்டால் துகிரா கிணற்றில்தான் குதிப்பாள்.

ருமியாத்தி பாட்டுக்காரி. கல்யாண வீடுகளில் காமெலான் என்னும் வெண்கல வாத்தியங்களுக்கு நடுவே, மடித்த காலின்மேல் மணிக்கணக்காய் உட்கார்ந்து பாடுகிறவள். கெபாயா என்கிற மேல்சட்டைக்குள்ளே மார்பிலிருந்து இடுப்புவரை இறங்கும் நீள பாடி. இடுப்பில் இறுக்கிச் சுற்றிய கச்சை. மூச்சை நம்பித்தான் பிழைப்பு. மாமியார் தைத்ததைப் போட்டு உட்கார ஆரம்பித்ததிலிருந்து, நீட்டிப் பாட வேண்டிய இடமெல்லாம் பாதியில் அறுந்தது.

மத்தளம் வாசிக்கும் பெரியவர் பாக் விர்யோ, குழுவுக்குத் தலைவர். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"புதன்கிழமை கல்யாணத்துலயும் இப்படிப் பாதியில அறுந்துச்சுன்னா, நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்மா. மனசுல வச்சுக்காதே."

அன்று ருமியாத்தி அறைக் கதவைச் சாத்தி, பாடியைக் கழற்றி எறிந்து, காலை மடித்து உட்கார்ந்து அதே வரியைப் பாடினாள். குரல் கடைசிவரை போயிற்று. தொண்டையில் ஒன்றுமில்லை. கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, மூச்சை விட்டு மார்புக்குக் கீழே ஒருமுறை, முட்ட இழுத்து ஒருமுறை, மார்பின் மேல் தளர்வாக ஒருமுறை அளந்தாள். பிறகு ஒரு சந்தேகம் வந்து, மாமியார் முன்னால் நிற்கிற மாதிரி ஒடுங்கி நின்று நாடாவைப் பார்த்தாள். நான்கு விரல் குறைந்துவிட்டது.

"மரியாதையை அளந்து தைச்சிருக்கா கிழவி!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்த கையோடு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

துகிரா சந்தைக்குப் போன நேரத்தில் அவளுடைய தையல் மெஷினிலேயே புதிதாக ஒன்று தைத்தாள். உட்கார்ந்தால் விலா எவ்வளவு விரிகிறதென்று உட்கார்ந்தும் அளந்துகொண்டாள். இடதுபக்கம் சற்றுப் பெரிது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதையே கணக்கில் வைத்து, பழைய துணியில் மார்புக் கிண்ணம் வெட்டி, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி வெட்டினாள்.

துகிராவின் கண்ணில் அது படாமல் இருக்குமா? இரண்டு விரலால் எலி வாலைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னடி, தேங்காய் மூட்டையா? முப்பது வருஷமா தைக்கிறவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சோ? போடு, போட்டுக்கிட்டு போ. ஊரு சிரிக்கட்டும்."

"சரிங்கம்மா" என்றாள் ருமியாத்தி.

புதன்கிழமை மத்தியானம், விருந்தாளிகள் சூப்புக் கிண்ணமும் கையுமாக இருக்கும்போது, அறுந்துபோகும் அந்த இடம் வந்தது. ருமியாத்தி மூச்சை இழுத்தாள். பாடி கூடவே விரிந்து கொடுத்தது. குரல் இறங்காமல் நின்றது. பாக் விர்யோ திரும்பிப் பார்த்தார். மனுஷன் பாராட்டுகிற ஜாதியில்லை. மத்தளத்தை இன்னும் மெதுவாக்கி, வரியை இன்னும் நீளமாக்கினார். அதற்கும் மூச்சு இருந்தது. அடுத்த மாதக் கல்யாணத்துக்கும் அவளையே வரச் சொன்னார். விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த துகிரா மட்டும் கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலையில் துகிராவே அறைக்குள் வந்து அளவு நாடாவை மருமகள் மடியில் எறிந்தாள்.

"எனக்கும் ஒண்ணு அளந்து பாரு. உன் லட்சணத்தையும் பாப்போம்."

ருமியாத்திக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் சேர்த்துக் கொடுக்க நேரம் வந்தது. நாடாவை விரித்தாள். துகிரா கைகளை முன்னால் கோத்து, தோளை ஒடுக்கி, தலை தாழ்த்தி நின்றாள்.

"நேரா நில்லுங்க" என்றாள் ருமியாத்தி. கூட ஓர் "அம்மா" போடவில்லை.

துகிரா அசையவில்லை.

"தோளைப் பின்னால தள்ளி நிமிந்து நில்லுங்கன்னா, இதுகூடவா வராது? இங்க யார் இருக்கான்னு இப்படிக் குனிஞ்சு நிக்கிறீங்க?"

"என் மாமியா செத்து எத்தனையோ வருஷமாச்சு. இனிமே யாருக்கு நான் குனியப் போறேன்?" துகிராவின் குரலில் வழக்கமான வம்பு இல்லை. "நேராத்தான்டி நிக்கிறேன்."

ருமியாத்தி அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். எலும்பு இடம் கொடுக்கவில்லை.