யாகோடா வரைந்த காளான்

ஒவ்வொரு காளானையும் தலைகீழாகப் புரட்டி, அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்த பிறகுதான் போகுமிலா வாயைத் திறப்பாள். அகுஸ்தூவ் ஊர்ச் சுகாதார அலுவலகத்தில், காளான் சோதிக்கும் அவள் மேசை முன்னால் செப்டம்பர் முழுக்கக் கூடைகளோடு வரிசை நிற்கும். "இது சூப்புக்கு. இது குப்பைக்கு. இதைப் பறிச்ச கையை மொதல்ல கழுவு." கைப்பேசியில் படம் காட்டுகிறவர்கள் மீது எரிந்து விழுவாள். "படத்தைப் பாத்துச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?"

இத்தனைக்கும் அவள் காளான் தின்பதில்லை. "முப்பது வருஷம் முகர்ந்ததே போதும். எனக்கு உருளைக்கிழங்கைக் குடு."

போன வாரம் விட்டோல்ட் என்பவன் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தான். அவனுடைய ஐந்து வயது மகள் யாகோடா, வீட்டுக்குப் பின்னால் முளைத்த காளானை உட்கார்ந்து வரைந்துவிட்டு, வரைந்ததை முழுசாகத் தின்றும்விட்டாள். வயிற்று வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். என்ன காளான் என்று டாக்டர் கேட்கிறார்.

"இவ்வளவுதாம்மா மிச்சம்" என்று காகிதத்தை நீட்டினான்.

போகுமிலா காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தொப்பிக்கு அடியில் இதழ் இதழாக இருந்திருந்தால், ஆளைக் கொல்லும் காளானாகவும் இருக்கலாம். படத்தில் இதழ் இல்லை, புள்ளிகள்தான். தண்டில் கறுப்புச் செதில். அப்படியானால் பிர்ச் மரத்தடிக் காளான், வேகவைத்தால் தின்னக்கூடியது. ஆனால் குழந்தை பார்த்ததையா வரைந்திருக்கும்? எல்லாக் குழந்தைகளும் கதைப்புத்தகத்துச் சிவப்புத் தொப்பியைத்தானே வரைகின்றன?

படத்தில் காளானுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றான். கோட்டில் நாலு பொத்தானுக்கு மூன்றுதான். மூன்றாவது இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. போகுமிலா நிமிர்ந்து விட்டோல்டின் கோட்டைப் பார்த்தாள். அதே இடத்தில் அதே நூல்.

"உன் பொண்ணு ஒண்ணையும் இட்டுக்கட்டலப்பா" என்றாள்.

மறுபடி படத்தைப் பார்த்தாள். நத்தை கடித்த இடத்தைக்கூட வெள்ளையாக விட்டிருந்தது அந்தப் பிள்ளை. அடிப்பக்கத்தைப் பார்க்க மண்ணில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். தனக்கு வாய்த்த கண்ணைவிட இது ஒசத்தி என்று போகுமிலாவுக்குத் தோன்றியது. பொறாமை இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

டாக்டரைப் போனில் பிடித்தாள். "பிர்ச் காளான்தான் டாக்டர். பச்சையாத் தின்னதுல வயிறு கோவிச்சுக்கிட்டிருக்கு. ஆனாலும் நாளைக்கு வரைக்கும் வீட்டுக்கு அனுப்பாதீங்க."

மறுநாள் விட்டோல்ட் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். "ரொட்டி கேட்டு ரகளை பண்றாம்மா!"

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள் போகுமிலா. கண்ணீரைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டு, அவள் மேசையில் இருந்த படத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனான்.

"அட பாவி, மடிக்காதே!"

வெடுக்கென்று பிடுங்கி மேசைமேல் விரித்தாள். வரிசையில் ஆட்கள் கூடையோடு முனகிக்கொண்டு நிற்க, மடிப்பு விழுந்த இடத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.