நான் காணாத பிறை

நான்கு வருடங்களுக்கு முன், ரமழானின் இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மாலை அது நடந்தது. இடம், கண்டிப் பக்கத்துக் கலகெதரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர். அன்று மேற்கு வானத்தில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பையும் பிடித்தாக வேண்டும்.

அப்போது நான் கம்பஸில் முதலாம் வருடம், பௌதிகம். எதையும் நான்தான் முதலில் காண வேண்டும், நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்ற பரபரப்பு எனக்கு எப்போதும் உண்டு. வானத்தைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, பிறை எங்கே நிற்கும், எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்று இரண்டு நாளாகவே பார்த்து வைத்திருந்தேன். நண்பர்கள் இருவரை இழுத்துக்கொண்டு ஊருக்கு மேலே உள்ள மேட்டில் ஏறினேன். அங்கே நின்றால் குருநாகல் பக்கத்து வானம் அடிவரை திறந்து கிடக்கும்.

பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்த கையோடு பார்க்கத் தொடங்கினோம். மேகம் துண்டு துண்டாக நின்றது. செயலி காட்டிய இடத்தில் கண்ணை ஊன்றினேன். ஒரு மேகத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று.

"அந்தா!" என்று கத்தினேன்.

"எங்க மச்சான்?"

"எண்ட விரலப் பாரு, அந்தக் கித்துல் மரத்துக்கு நேரா!"

ஒருவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஓ... ஓ, தெரியிது" என்றான். மற்றவன் "மாஷா அல்லாஹ்" என்றான். அதற்குள் அந்த இடம் மூடிவிட்டது. ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினோம்.

பள்ளிவாசல் காரியாலயத்தில் நிர்வாக சபையினர் காத்திருந்தார்கள். வாப்பாவின் தம்பியான என் சாச்சாவும் அதில் ஒருவர். "எங்கட நானாட மகன்தான் கண்டீக்கிறான்!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எங்கள் இமாம் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். சாட்சிகளை விசாரித்துத் திருப்திப்பட்ட பிறகுதான் நாடு முழுமைக்கும் பெருநாளை முடிவு செய்யும் கொழும்புப் பிறைக் குழுவுக்கு அவர் அறிவிப்பார்.

முதலில் என்னிடம் கேட்டார். எத்தனை மணிக்கு? சொன்னேன். எவ்வளவு உயரத்தில்? பாகைக் கணக்கிலேயே சொன்னேன். சபையில் ஒருவர் வாயைப் பிளந்தார்.

"பிறையிட ரெண்டு முனையும் எந்தப் பக்கம் பாத்திட்டு இருந்திச்சி?"

"மேல பாத்து, கொஞ்சம் வடக்கால சாஞ்சி."

"கண்ணால கண்டதா அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்றீங்களா?"

"ஓ, சொல்றேன்."

அடுத்து நண்பர்களைக் கேட்டார். இருவரும் நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். முனை பற்றிக் கேட்டபோது ஒருவன் என் முகத்தைத்தான் பார்த்தான். அந்தப் பார்வை என்னை என்னவோ செய்தது. கண்ணை மூடி, மேட்டில் கண்டதை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். கீற்று வந்தது. முனை வரவில்லை. எப்படி முயன்றாலும் வரவில்லை. முனை இருந்தது போனில் பார்த்த படத்தில். நான் சாட்சி சொன்னது அந்தப் படத்துக்கு!

வெளியே அதற்குள் செய்தி பரவிவிட்டது. யாரோ பெருநாளை வரவேற்கும் தக்பீர் முழக்கத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். வெடி ஒன்று வெடித்தது. இமாம் போனைக் கையில் எடுத்தார்.

"ஹஸரத், ஒரு நிமிசம்" என்று இமாமிடம் சொல்லி எழுந்தேன்.

சாச்சா என் கையைப் பிடித்து இழுத்தார். "பேசாம இரி. மூணு பேரு சொல்லியாச்சி."

"நான் முனையக் காணல்ல ஹஸரத். அது போன்ல பாத்தது. வானத்துல கண்டது ஒரு வெள்ளக் கீறுதான். அதப் பிறையெண்டு சொல்ல ஏலாது."

காரியாலயமே பொங்கியது. "வெளிய சனம் தக்பீர் சொல்லுது, இவன் விளையாடுறானா?" என்றார் ஒருவர். "கம்பஸ் போன புள்ளயள் இப்பிடித்தான்" என்றார் இன்னொருவர். சாச்சாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்கட மானத்த வாங்காத. நீ கண்டது பிறைதான், இப்பப் பயந்திட்டாய்."

 அவர் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டேன். "சாச்சா, எண்ட ஒரு வார்த்தையால எத்தன பேர்ட நோன்பு போகும்? அல்லாஹ்ட பேரச் சொல்லி நான் காணாதத கண்டேனெண்டு சொல்ல மாட்டேன்."

 வாசலருகே நின்ற நண்பன், "நானும் காணல்ல ஹஸரத். இவன் காட்டினதால ஓ எண்டிட்டேன்" என்றான். மூன்றாமவன் தலையைக் குனிந்தபடி, "எனக்கும் மேகந்தான் தெரிஞ்சிச்சி" என்றான்.

இமாம் போனை மேசையில் வைத்தார். பிறை காணவில்லை என்று ஒலிவாங்கியில் அறிவிக்க எழுந்த அவரிடம், "நான்தான் பிழையாச் சொன்னது, நானே சொல்றேன்" என்றேன். அவர் மறுக்காமல் ஒலிவாங்கியை நீட்டினார். "பிறை கண்டதாகச் சாட்சி சொன்னவன் நான். நான் பிறையைக் காணவில்லை. என்னை மன்னியுங்கள்" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னேன். தக்பீர் நின்றது. முற்றத்திலிருந்து ஒருவன் "பிறை சயன்டிஸ்ட்!" என்று கத்தி விசிலடித்தான். சிரிப்பு எழுந்தது. என்னவோ, அது வலிக்கவே இல்லை. நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொன்னதும், பெருநாள் சாமான் வாங்கக் கண்டிக்குப் புறப்பட்டவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். நோன்பு மாத இரவுகளில் மட்டுமே தொழும் தராவீஹ் தொழுகைக்கு வரிசைகள் படிக்கட்டு வரை நிறைந்தன. தொழுகை முடிவதற்குள், நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை என்ற அறிவிப்பும் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சாச்சா என் பக்கம் திரும்பாமலே முழங்கையால் ஓர் இடி இடித்து, "முப்பதையும் முழுசாப் புடிக்க வச்சிட்டாய்டா" என்றார். அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது.

பிறையை முதலில் கண்டவன் என்ற பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மார்க்க விஷயத்தில் "நான் காணவில்லை" என்று உரக்கச் சொல்வதும் ஒரு சாட்சிதான் என்பதை, படிக்கட்டு வரை நிறைந்து நின்ற அந்த வரிசைகளை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர உணர்கிறேன்.