புளியமரத்து ஆணி

பாளையம்பட்டியில் என் சைக்கிள் கடைக்கு மேல் அறையில் மகன் தொண்டை கிழியக் கத்துவான். பிளாக் மெட்டல் என்ற வெளிநாட்டு அலறல் பாட்டுக்குப் பழகுவதாகச் சொன்னான்.

"என்ன அண்ணாச்சி, மேல பேய் வளக்கிறீகளா?" என்று கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். கூசிப்போய், குனிந்து பஞ்சர் ஒட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது பேய்க்குரலாகத்தான் கேட்டது.

திருச்சுழி பக்கம் பேயோட்டும் ஒரு கோடாங்கியிடம் அவனை இழுத்துப் போனேன். அவர் வேப்பங்குழையால் அடித்து, அவனுடைய உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்தார். அவன் திமிறாமல் இரண்டு கைகளையும் பிடித்திருந்தவன் நான்.

"அப்பா, அது வெறும் பாட்டுப்பா!"

"பேய் அப்பிடித்தான் பேசும். விட்றாதீக" என்றார் கோடாங்கி. நான் விடவில்லை.

மறுவாரம் பெங்களூருக்குப் போனவன் திரும்பவே இல்லை.

போன மாதம் மகள் போனை நீட்டினாள். "அண்ணனோட புது ஆல்பம் வந்துருக்குப்பா."

கறுப்பு அட்டையில் ஒரு மரம், ஆணி, கொத்து முடி. உள்ளே அதே அலறல். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்ன ஆத்தா பாடுறான்?"

அவள் தயங்கினாள். "'கைய விடு'ங்கிறான். அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றான்."

இப்போது தினமும் கேட்கிறேன். அந்த வார்த்தை யாரும் சொல்லாமலே விளங்குகிறது. டயரைக் கழற்றும்போதெல்லாம் அன்று பிடித்த பிடி என் கைக்கு ஞாபகம் வருகிறது.